ஒண்ணொண்ணா வரும்

மூன்று வயதில் என் மகள் பானு, ஒரு மாசி மகத்தன்று மத்தியானம், வாயைத் திறந்து சாப்பிட்டாளே, ஏன் சாப்பிட்டாள்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ரசத்தின் ருசியா, தட்டின் நீலப் பூவா, மணிச் சத்தமா, அல்லது அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே பசித்ததா? இதுதான் காரணம் என்று ராத்திரி ஒரு முடிவுக்கு வருவேன். காலையில் பல் விளக்கும்போதே அது இல்லையோ என்று தோன்றிவிடும்.

ஒன்று மட்டும் நிச்சயம். புதுச்சேரி முழுவதிலும், நல்ல சாப்பாட்டை ஒழுங்காகப் பரிமாறியே கெடுத்த மனிதர் எங்கள் 'ஒண்ணொண்ணா' ஒருவர்தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. எதைக் கேட்டாலும் "ஒண்ணொண்ணா வரும்" என்பார். அதுவே பெயராகிவிட்டது. நேரில் மட்டும் 'முசே' என்று கூப்பிடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறிப் போன பிறகும், பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் அந்த வார்த்தை எங்கள் தெருவிலேயே தங்கிவிட்டது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் கல்யாணமாகி, கடலூரிலிருந்து இங்கே குடித்தனம் வந்தேன். முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அவர், நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவான கிணறு. அவர் ஒரு பிரெஞ்சு நீதிபதி வீட்டில் சமையல்காரராகவும் பரிமாறுபவராகவும் பல காலம் இருந்தவர். அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு ஒன்றையும், ஒரு அடுக்கு பீங்கான் தட்டுகளையும், சாப்பாட்டு மேஜையில் அடிக்கிற சின்ன மணியையும் அவரிடம் விட்டுப் போனார்கள். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

பின்கட்டிலிருந்து வெண்ணெயும் வெள்ளைக்காரச் சமையலுமாக மணக்கும் என்று நினைத்திருந்தேன். வந்ததோ மிளகு ரச வாசனை. அவர் சமைத்ததெல்லாம் நம் வீட்டுச் சமையல்தான். பாசிப்பருப்புக் கடைசல், முருங்கைக்கீரைப் பொரியல், வடகம் தாளித்த கத்திரிக்காய்க் குழம்பு. வடகத்தை அவரே உருட்டிக் காயப்போடுவார். அது எண்ணெயில் பொரிகிற வாசனைக்கு, சாப்பிட்டு முடித்துக் கைகழுவியவர்களுக்கும் மறுபடி பசிக்கும். பிரெஞ்சுச் சமையலை வீட்டில் செய்வதில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அவுங்களுக்கு, மதாம். நமக்கு ரசம் இல்லாம எறங்குமா?" என்றார். நாங்கள் அவருக்கு 'முசே' என்றால், அவருக்கு நான் 'மதாம்'.

ஆக, நாக்கு நம்முடையதாகவே இருந்தது. பரிமாறுவதில்தான் நீதிபதி வீடு அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பதார்த்தம் தட்டில் இருக்கும்போது இன்னொன்று அதைத் தொடக்கூடாது. முதலில் ரசம் தனியாக. அது முடிந்து தட்டு மாறினால் பருப்பு தனியாக. பிறகு காய். பிறகு குழம்பு, அதுவும் தனியாக. எல்லாவற்றுக்கும் பிறகு வெறும் சோறு. நம்மைப்போல் பிசைந்து சாப்பிட்டால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுனா அது சாப்பாடு இல்ல, சந்தை."

இதைவிட விசேஷம், அவர் தனியாகச் சாப்பிடும் காட்சி. கோட்டைப் போட்டுக்கொண்டு ரசத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உட்கார்ந்து குடிப்பார். குடித்ததும் மணி அடிப்பார். மணி அடித்தவுடன் அவரே பதறி எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுவார். பருப்பு வரும். கோட்டு கழலும். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே இதைப் பார்த்து முதல் மாதம் சிரித்தேன், இரண்டாம் மாதம் கவலைப்பட்டேன். மூன்றாம் மாதத்திலிருந்து அந்த மணிச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மத்தியானம் ஆனமாதிரி இருக்கும்.

ஒருமுறை எங்கள் தெருத் தையல்காரர் வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். சமையலுக்குச் சொல்லியிருந்த ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. 'முசே, காப்பாத்துங்க' என்று ஓடிவந்தார்கள். சமையல் அபாரம். தெருமுனை வரை மணந்தது. ஆனால் பந்தியில் இலை போட்டு, ஆளுக்கொரு டம்ளர் ரசம் வந்தது. குடித்ததும் டம்ளர்கள் போய்விட்டன. கத்திரிக்காய் வந்தது. சோறு வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். வரவில்லை. சரியென்று கத்திரிக்காயைத் தின்றார்கள். சாம்பார் கிண்ணத்தில் வந்தது, அதையும் குடித்தார்கள். கடைசியில், கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்த சின்னக் கோபுரமாக, உச்சியில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தோடு, இலைக்கு ஒரு சோற்று மேடு வந்தது. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா அந்தக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு ஊத்திக்க என்னாங்க இருக்குது?"

"அதெல்லாம் நீங்க சாப்ட்டாச்சுங்களே" என்றார் ஒண்ணொண்ணா, மிகவும் பணிவாக.

கல்யாணம் எப்படியோ நடந்தது. பெண் இப்போது சௌக்கியமாக இருக்கிறாள். ஆனால் அந்தப் பெரியப்பா இன்னமும் சம்பந்தி வீட்டுக்குக் கையில் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் வருகிறாராம்.

இனி என் கதை. பானு பிறந்ததிலிருந்தே சாப்பாட்டு எதிரி. பருப்புச் சோறு, நெய்ச் சோறு, தயிர்ச் சோறு, எதைக் குழையப் பிசைந்து கொண்டுபோனாலும் உதட்டை ஒட்டவைத்ததுபோல் மூடிக்கொள்வாள். காக்காய் காட்டினேன், நிலா காட்டினேன். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைக்கூட வரவழைத்தேன். கன்றுக்குட்டி சாப்பிட்டது. பத்திரிகைகளில் வரும் குழந்தை வளர்ப்புப் பக்கங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். கட்டாயப்படுத்தாதே என்று ஒன்று சொல்லும், விட்டுவிடாதே என்று இன்னொன்று சொல்லும். இரண்டையும் செய்தேன்.

பொங்கலுக்குப் பாகூரிலிருந்து வந்த என் மாமியார் குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். "இந்தாம்மா, புள்ளைக்குக் கழுத்தெலும்பு தெரியுது. மகத்துக்கு வரும்போதும் இப்பிடியே இருந்தா நான் தூக்கினு போயிடுவேன். ஒரு வருசம் எங்கிட்ட இருக்கட்டும், தேத்தி அனுப்பறேன்" என்றார்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. நான்கு பிள்ளைகளைத் திடமாக வளர்த்தவர். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அதுதான் என் பயம். அம்மா சொல்வதும் சரிதானே என்று என் கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். அன்றிலிருந்து மாசி மகம் வரை, பானு இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று பார்ப்பதற்காக அவளைப் பின்கட்டில் விட்டுவிட்டு முன்கட்டுக்கு வந்து நிற்பேன். ஒரு நிமிஷம் தாங்காது, ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வேன்.

மகத்துக்கு முதல்நாள், குழந்தைகளுக்கு அழகான தட்டில் வைத்தால் சாப்பிடும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. ஒண்ணொண்ணாவிடம் போய், நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்றை நாளைக்கு மட்டும் தரமுடியுமா என்று கேட்டேன்.

"தட்டு மட்டும் எப்பிடி வரும், மதாம்? தட்டோட நான் வரணுமே" என்றார்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மாமியார் கடற்கரையில் தீர்த்தவாரி பார்த்துவிட்டு, புடவைக் கரையெல்லாம் மணலோடு வந்தார். என் கணவருக்கும் அவருக்கும் இலை போட்டேன். பானுவைப் பக்கத்தில் உட்கார்த்தினேன். வாய் அப்போதே மூடிவிட்டது. அந்த நேரத்தில் பின்வாசலில் மணி அடித்தது. வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், கையில் தட்டுகளின் அடுக்கு. நேராக என் சமையலறைக்குள் போனவர், என் கையிலிருந்த கரண்டியை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"நீங்களும் உக்காருங்க, மதாம். பரிமாறறவங்க வேற, சாப்பிடறவங்க வேற."

மாமியார் சாப்பிட்டு எழுந்திருக்கும் முன் மருமகள் இலையில் உட்காரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் கரண்டி போய்விட்டதே. உட்கார்ந்தேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

ரசம் வந்தது. என் கணவர் ஆபீஸில் மேலதிகாரி கொடுத்த காகிதத்தை வாங்குவதுபோல் வாங்கிக் குடித்தார். சோறு எங்கே என்றார் மாமியார். "வரும்மா. ஒண்ணொண்ணா வரும்" என்று பதில் வந்தது. பானுவின் முன்னால் நீலப்பூத் தட்டில் ஒரு சின்னக் கிண்ணம். அவள் அதை இரண்டு கையாலும் தூக்கினாள். குடித்தாள். காரத்தில் இருமினாள். மறுபடி குடித்தாள்.

தட்டு மாறியது. பருப்பு வந்தது, பானு வழித்துத் தின்றாள். தட்டு மாறியது. உருளைக்கிழங்கு வறுவல் வந்தது. எங்கள் இலைகளை மாற்ற முடியாதே, அதனால் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பிறகு அவற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார். ஆனால் மாமியார் சாதாரண ஆள் இல்லை. சோறு வந்தால் பிசைந்துகொள்ள வேண்டுமே என்று, தனக்குப் பருப்பு வந்த கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் முந்தானையில் மறைத்து வைத்துக்கொண்டார். கடைசியில் சோற்றுக் கோபுரம் வந்ததும், வெற்றியோடு அந்தப் பருப்பை எடுத்துத் தன் இலையில் ஊற்றிப் பிசைந்து, முதல் உருண்டையைப் பேத்தியின் வாய்க்குக் கொண்டுபோனார்.

வாய் மூடிக்கொண்டது.

ஒண்ணொண்ணா வேறொரு தட்டில் வெறும் சோற்றைக் கவிழ்த்து, கறிவேப்பிலையைச் செருகி, பானுவின் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். பானு கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கோபுரத்தை அடிவரை தின்றாள். தின்று முடித்து, அடுத்து என்ன வரும் என்று சமையலறை வாசலைப் பார்த்தாள். மாமியார் தன் கையிலிருந்த உருண்டையைத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோது அவர் தனியாகத்தான் ஏறினார். "கிறுக்குத்தனமாத்தான் இருக்குது. ஆனா புள்ள துன்னுது. இங்கியே இருக்கட்டும்" என்றார். பஸ் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி, மெதுவாகக் கேட்டார்: "நான் பருப்பை ஒளிச்சி வெச்சது அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

மறுநாள் ஒண்ணொண்ணாவுக்கு நன்றி சொல்லப் போனேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"பாப்பா சாப்டுச்சா? நல்லது. நான் பரிமாறும்போது யார் மூஞ்சியையும் பாக்கறதில்லீங்க. தட்டத்தான் பாப்பேன்."

ஒருவேளை அதுதான் காரணமோ? நான் எப்போதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இல்லை, சோறும் பருப்பும் சேர்வதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லையா? தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அப்படியே கடைப்பிடிக்கிறேன். தட்டு கழுவிக் கழுவி என் கை தேய்ந்துவிட்டது. போன தை மாதம் பாகூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பானு எழுந்து நின்று, "இலையத் தொடைக்க யார் வருவாங்க?" என்று கேட்டாளாம். மாமியார் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாராம்.

இப்போது எனக்கு வேறு கவலை. மழைக்காலத்தில் ஒண்ணொண்ணா காய்ச்சலில் படுத்தார். மணிச் சத்தம் இல்லாமல் மத்தியானங்கள் நின்றுபோய்விட்டன. முதல்நாள் அவசரத்தில், கஞ்சியின் மேலேயே பருப்புத் துவையலை வைத்துக் கொண்டுபோய்விட்டேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார். 'சந்தை' என்றுகூடச் சொல்லாமல், கலந்தபடியே இரண்டு வாய் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். காய்ச்சலைவிட அதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

காய்ச்சல் போய்விட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை, சாப்பிட்டால் தேறிவிடுவார் என்கிறார் டாக்டர். அவரோ சாப்பிடமாட்டேன் என்கிறார். ஆகவே தினமும் பானு அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள்கிறாள். அது தரையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. மணி அடித்துவிட்டு, தட்டைத் தவிர வேறெங்கும் பார்க்காமல் வைத்துவிட்டு நகர்கிறாள். அவரும் எழுந்து நிமிர்ந்து உட்கார்கிறார், கோட்டுக்குக் கொடுக்கும் மரியாதையாக. இரண்டு வாய். பிறகு, "போதும், மதாம்." பருப்பு, ரசம், வறுவல், இட்லி, கேழ்வரகுக் களி, பால் கொழுக்கட்டை எல்லாம் ஒண்ணொண்ணாகப் போய் ஒண்ணொண்ணாகத் திரும்பி வந்துவிட்டன. அன்றைக்குப் பானு ஏன் சாப்பிட்டாள் என்று தெரிந்திருந்தால், இன்று எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

எனவே இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில், உடம்பு தேறுகிறவர்கள் இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பதார்த்தம் ஏதாவது இருந்தால் பக்குவத்தோடு எழுதுங்கள். வேறு எதன் துணையும் இல்லாமல் தட்டில் தனியாக நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் கொண்டுபோய் வைக்க எங்களுக்குத் தெரியும். மணியைப் பானு துடைத்துத் தயாராக வைத்திருக்கிறாள். அடுத்து என்ன வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.