கார்டு மாமாவின் கஸ்தூரி வேல்

உலகத்திலேயே ஒரு செடி பிழைக்கவேண்டும் என்பதற்காக அதற்கு யாரும் தண்ணீர் விடாமல் காவல் காத்த மனிதர் எங்கள் கார்டு மாமா ஒருவர்தான். சாதாரணக் காவலா? விசில், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி மூன்றோடும் காத்தார்! காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, தோண்டின இடமெல்லாம் தண்ணீர் சுரக்கிற ஸ்ரீரங்கத்தில் இப்படி ஒருவர் இருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்புவேன். அவரிடம் கையும் செம்புமாக மாட்டிக்கொண்டவன் நான்.

ரயிலில் கார்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர். காவேரியில் அந்தப் பெரிய வெள்ளம் வந்துபோன சில வருஷத்துக்கெல்லாம் உத்தர வீதியில் எங்கள் அடுத்த அகத்துக்குக் குடிவந்தார். அவருடைய பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. என் பெயரை அவரும் கேட்டதில்லை. மலைக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிக்கடை ஒன்றில் துணி அளந்து கிழிக்கிற வேலை எனக்கு. ஆகவே நான் "ஓய் ஜவுளி".

பென்ஷன் ஆனாலும் ரயில் அவரை விடவில்லை. வாசற்படி இறங்கும்போது இரண்டு பக்கமும் பார்த்து விசில் ஊதுவார். இலை போட்டாகிவிட்டது என்பதற்கு மாமி உள்ளிருந்து பச்சைக் கொடியை ஆட்டவேண்டும். ஒரு நாள் மாமி கோபத்தில் சிவப்பை ஆட்டிவிட, மனிதர் மத்தியானம் மூன்று மணிவரை கூடத்திலேயே நின்றாராம்!

குடிவந்த மறுநாள் ஒரு தகர டப்பாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு விதைகளை எடுத்து, அடுப்பிலிருந்து இறக்கின வெந்நீரில் போட்டார்.

"ஏன்னா, விதைக்கு ரசமா வைக்கறேள்?" என்றாள் மாமி.

"இதுக்குத் தோல் கெட்டிடீ. சுடுதண்ணியிலே ஊறினாத்தான் கண்ணைத் திறக்கும்."

பிறகு வாசல் மூலையில் குழி தோண்டினார். காவேரி கொடுத்த அருமையான வண்டலை வாரி வீதியில் கொட்டிவிட்டு, குழியில் மணலும் சரளைக்கல்லும் நிரப்பினார். எதிரகத்து லால்குடி மாமாவுக்கு அதைப் பார்த்து மயக்கமே வந்துவிட்டது. அவருக்கு லால்குடிப் பக்கம் நன்செய் நிலம். செடி என்றால் முழங்கால் தண்ணீரில் நிற்கவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம்.

"ஓய், என்ன செடி ஐயா இது?"

"கஸ்தூரி வேல். வேல மரத்து ஜாதி. ஆனா மரமா ஓங்காது, புதரா நிக்கும்."

"முள்ளா? பெருமாள் எழுந்தருள்ற வீதியிலே முள்ளா?"

"ரோஜாவுக்கு முள்ளு இல்லையோ?"

முளைத்தது மூன்று. ஒன்றை ஆடு தின்றது. ஒன்றை மாமி மிதித்தாள். மிச்சம் ஒன்றே ஒன்று. முதல் வருஷம் அதற்கு வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டதில் பக்கவாட்டில் கிளைத்துக் குண்டாக வளர்ந்தது. அப்புறம் தண்ணீர் அடியோடு நிறுத்தம்; ஈரம் நின்றால் வேர் அழுகிவிடுமாம். செடியின் பக்கம் யாராவது குடத்தோடு ஒதுங்கினால் போதும், 'ஃபுர்ர்ர்' என்று விசில்! சிவப்புக் கொடி! பால்காரர் ஒருநாள் பயந்துபோய்ச் செம்புப் பாலையும் வீதியில் கொட்டிவிட்டு ஓடினார்.

மூன்றாவது வருஷம் செடி என் தோள் உயரம் வந்துவிட்டது. ஆனால் பூ? ஒன்றுகூட இல்லை. முள் மட்டும் அமோகம். லால்குடி மாமா நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஓய் கார்டு! தைத் தேர் இந்த வீதியிலேதான் ஓடறது. வடம் பிடிக்கறவா எல்லாம் வெறுங்கால். முள்ளு குத்தினா யார் பதில் சொல்றது? வெட்டியாகணும்."

மாமா முதல் தடவையாகக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினார். "வீதிப்பக்கம் நீட்டற கிளையை நானே கழிச்சுடறேன். தினம் பெருக்கறேன். தேருக்கு முதல்நாள் சாயங்காலம் வரைக்கும் டைம் கொடும். அதுக்குள்ளே பூக்கலைன்னா என் கையாலேயே வெட்டிடறேன்."

அவர்கள் போனதும் நான் கேட்டேன்: "மாமா, நம்ம ஊர்லே இல்லாத பூவா? இந்த முள்ளுக்கு ஏன் இத்தனை பாடு?"

அவர் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பன்னிரண்டு வருஷம் தெற்கே ஒரு பொட்டல்காட்டு ஸ்டேஷன்லே குடியிருந்தோம் ஓய். துளசி கிடையாது, மல்லி கிடையாது. இந்த மஞ்சள் பூ ஒண்ணுதான். அதைத்தான் ஆத்துப் பெருமாள் படத்துக்குச் சாத்தினேன். அவர் ஒரு நாள்கூட முகம் சுளிக்கலே. இப்போ அவர் ஊருக்கே வந்துட்டேன், எல்லாப் பூவும் கிடைக்கறதுன்னு இதை மறந்தா நான் மனுஷனா? சாத்தக்கூட வேண்டாம். தேர்லே போறச்சே ஒரு தடவை அவர் இதைப் பார்க்கணும். அவ்வளவுதான்."

அன்றைக்கே தீர்மானித்தேன், இந்தச் செடிக்கு என்னால் ஆனதைச் செய்வதென்று. அங்கேதான் வந்தது விபரீதம்!

புரட்டாசியில் இலை பழுத்துக் கொட்ட ஆரம்பித்தது. மாமா வேரடி மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். முகம் கறுத்தது.

"ஓய் ஜவுளி! எவனோ தண்ணி விடறான்!"

"அப்படியா மாமா?" என்றேன். அன்று காலைகூட நான் ஒரு செம்பு விட்டிருந்தேன்.

வாசகர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. அகத்துப் பெருமாளுக்குத் தினம் திருமஞ்சனம், அதாவது அபிஷேகம், ஆன தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. கால் படாத இடத்தில்தான் சேர்க்கவேண்டும். எங்கள் வீதியில் சத்தியமாக ஒருத்தர் காலும் படாத இடம் எது? அந்த முட்புதர்தான்! தீர்த்தத்துக்கும் மரியாதை, செடிக்கும் புண்ணியம் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை மாமா கதவிடுக்கில் ஒளிந்துகொண்டார். நான் செம்பைச் சாய்த்தேனோ இல்லையோ, 'ஃபுர்ர்ர்!'

"நீரா ஓய்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோடியகத்து மாமி செம்போடு வந்து நின்றாள். அவள் பின்னால் இன்னொருவர். அப்புறம் இருவர். வீதியே செம்பும் கையுமாக வரிசையில் வருகிறது! எல்லாரும் என்னைப்போலவே யோசித்திருக்கிறார்கள், எல்லாரும் ரகசியமாக! கடைசியில் வந்தவரைப் பார்த்ததும்தான் மாமாவின் வாயிலிருந்து விசிலே விழுந்தது. லால்குடி மாமா! கையில் செம்பு இல்லை, குடம்!

"நீரா? வெட்டணும்னு சொன்னவர் நீர்தானே ஓய்?"

"வெட்டறது வேற. நிக்கற வரைக்கும் தாகத்தோட நிக்கணுமா? செத்துண்டிருக்கிற உசிருக்கு ஒரு வாய் தீர்த்தம் விடப்படாதா?"

மாமா சிவப்புக் கொடியைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது. பெருமாள் தீர்த்தத்துக்கு எதிரே சிவப்புக் கொடி காட்டுவதா? தாமே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வழி கண்டுபிடித்தவள் மாமி. உள்ளே போய்ப் பெரிய பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள்.

"எல்லாரும் இதுலே விடுங்கோ. கொல்லையிலே வாழை இருக்கு, எத்தனை வேணும்னாலும் குடிக்கும். எடுத்துண்டு போய் விடறது இவர் பொறுப்பு. முப்பது வருஷம் கொடி ஆட்டின கை, குடம் தூக்கட்டும்!"

அன்றுமுதல் செம்பு அண்டாவின் பக்கம் வந்தால் மாமா பச்சைக் கொடி ஆட்டுவார், செடியின் பக்கம் திரும்பினால் சிவப்புக் கொடி. ஐப்பசி மழையில் அது பிழைக்குமோ என்று நாங்கள் தவித்த தவிப்பு பெருமாளுக்குத்தான் தெரியும். வேரைச் சுற்றி மண்ணை மேடாக்கி, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினோம். மார்கழிப் பனியில் புது இலை துளிர்த்தது. வீதியே குதித்தது!

தேருக்கு முதல்நாள் சாயங்காலம் வந்தது. கிளையெல்லாம் கடுகு கடுகாக மொட்டு. பூ மட்டும் இல்லை. மாமா உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தார். சொன்ன சொல் சொன்ன சொல்தான். குனிந்து அடிக்கிளையைப் பிடித்தார். அந்தக் கையைப் பிடித்தவர் லால்குடி மாமா.

"விடும் ஓய்! மொட்டு விட்டதை வெட்டுவாளா? நாளைக் காலம்பற வரைக்கும் வண்டி லேட்டுன்னு எழுதிக்கொள்ளும்!"

விடிந்ததும் வீதி முழுக்க ஒரு வாசனை! ஓடி வந்து பார்த்தால், மஞ்சள் குண்டு குண்டாக, பஞ்சுப் பொட்டு மாதிரி, இலை தெரியாமல் பூ! மாமி திக்குமுக்காடிப்போய்ச் சிரிக்கிறாள், அழுகிறாள்.

தேர் வந்தது. கோஷம் வானத்தைப் பிளந்தது. நேரே வந்த தேர், முட்டுக்கட்டை போட்டார்களோ என்னவோ, மாமா வாசலுக்கு எதிரே அசையாமல் நின்றுவிட்டது! நம்பெருமாள் அங்கே, பூ இங்கே. நடுவில் மாமா, கண்ணில் தாரை தாரையாக.

"மாமா! கையிலே சிவப்புக் கொடி! அதான் நிக்கறது!" என்று நான் கத்தினேன். பழக்கத்தில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் திரும்பவேயில்லை. "இருக்கட்டும் ஓய். இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும்" என்றார். நெடுநேரம் கழித்துத்தான் பச்சையை எடுத்து மெள்ள ஆட்டினார். தேர் நகர்ந்தது.

மாமா பரமபதம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. செடி இருக்கிறது. தினம் தீர்த்தச் செம்போடு வாசலுக்கு வருகிறேன். அண்டாவில் விடுவதற்கு முன் ஒரு நிமிஷம் நிற்கிறேன். அந்தப் பச்சைக் கொடி ஆடாமல் எனக்கு இன்னும் கை சாயமாட்டேன் என்கிறது.