மீட்டிங் ரூம் டிவியில் என் வடாபாவ் படம்

தெரியாத வேலையைத் தெரிந்தமாதிரி செய்வதில் ஒரு தனி சுகம் உண்டு, யாரும் பார்க்காதவரை. என்னை ஒரு மீட்டிங் ரூமே பார்த்தது.

அன்று லீவு போட்டுவிட்டு பம்பாயில், செம்பூர் வீட்டில் இருந்தேன். பெண் வீட்டார் போட்டோ கேட்டிருந்தார்கள். அக்கா என்னைப் பால்கனியில் நிறுத்தி விதவிதமாக எடுத்துத் தள்ளியிருந்தாள். ஒன்றில் நீலச் சட்டையை மீறி வயிறு தெரிந்தது, ஒன்றில் வழுக்கை. இன்னொன்றில் பனியனோடு வடாபாவ் தின்றுகொண்டிருந்தேன். (கை தவறி எடுத்ததாம்!) இதையெல்லாம் சரிசெய்யும் புரோகிராம் ஆபீஸில் என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. வீட்டில் இருந்ததோ விண்டோஸ் லேப்டாப்.

“அதுக்கென்ன? புரோகிராம் அங்க ஓடும். அதோட விண்டோ மட்டும் இங்க, என் லேப்டாப்ல தெறக்கும்” என்றேன்.

“ஏல, இங்கன இருந்தே ஆபீஸ் மிஷின ஓட்டிருவியோ?” என்றாள் அக்கா.

“பின்ன? நான் என்ன வேல பாக்கேன்னு நெனச்ச?”

படங்களை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு, கட்டளையைத் தட்டினேன். எந்தத் திரையில் காட்டுவது என்று தெரியவில்லை என்றது அது. இணையத்தில் ஒரு புண்ணியவான் ஒற்றை வரியில் தீர்வு எழுதியிருந்தார். அர்த்தம் பார்க்காமல் எடுத்து ஒட்டினேன். எர்ரர் போய்விட்டது. விண்டோதான் வரவில்லை.

“நெட் ஸ்லோ” என்றேன், அக்கா கேட்காமலே.

அடுத்த படத்தைத் திறந்தேன். வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வந்த எரிச்சலில் வடாபாவ் படத்தையே திரும்பத் திரும்பத் திறந்தேன்.

போன் அடித்தது. கூட வேலை பார்க்கும் செல்வம்.

“அரே யார், நிறுத்துடா!” என்று ஹிந்தியும் தமிழுமாகக் கிசுகிசுத்தான். “டெமோவுக்கு உன் மிஷினத்தான மீட்டிங் ரூம் டிவில மாட்டிருக்கேன். காலைல கேட்டப்ப எடுத்துக்கோன்னியே!”

அப்போதுதான் நான் ஒட்டிய வரியின் அர்த்தம் புரிந்தது: ‘அந்தக் கம்ப்யூட்டரோடு சேர்ந்த திரையிலேயே காட்டு.’

“கிளையன்ட் பாத்துட்டாரா?”

“பாத்தாராவா? ஒண்ண மூடுனா இன்னொரு வடாபாவ் வருது! இது நம்ம சாஃப்ட்வேர்ல எந்த மாட்யூல்னு கேக்காரு. மேடம் மூஞ்சிய நான் பாக்கவே இல்ல.”

மேடம் எங்கள் மேனேஜர். அந்தக் கிளையன்ட்டின் ஆர்டர் கை நழுவினால் எங்கள் டீமையே கலைத்துவிடுவார்கள். லேப்டாப்பை மூடிவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

நல்லவேளை, கிளையன்ட் சிரிக்கத் தெரிந்த மனிதர். ஆர்டர் பிழைத்தது. மறுநாள் மேடம் கூப்பிட்டபோது, ராஜினாமாவை எந்த மொழியில் எழுதுவது என்று யோசித்தபடியே உள்ளே போனேன்.

“செல்வம் சொன்னான். பெண் வீட்டுக்கு அந்த நீலச் சட்டை போட்டோவை அனுப்பு” என்றார் ஹிந்தியில். “கிளையன்ட்டும் அதையேதான் சொன்னார்.”

மீட்டிங்கில் கலந்து பேசி ஏகமனதாக முடிவெடுத்திருக்கிறார்கள்!

அதையே அனுப்பினோம். கல்யாணமும் ஆயிற்று. ரிசப்ஷன் மேடையிலேயே செல்வம் இந்தக் கதையை என் மனைவியிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டான். இன்றைக்கும் வீட்டில் என் சாவியைக் காணோம், கண்ணாடியைக் காணோம் என்றால் யாரும் எழுந்து தேடுவதில்லை.

“மீட்டிங் ரூம் டிவில பாத்தீங்களா?” என்பாள் மனைவி.

பம்பாயில் பிறந்த எங்கள் மகளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். இந்த ஒரு வாக்கியம் மட்டும் அட்சர சுத்தமாக வருகிறது.