ரத்தத்துக்கு டியூஷன்

தயார் செய்யாமல் ஒரு குழந்தையைப் பரீட்சைக்கு அனுப்புவது பாவம் என்று நம்பி வாழ்ந்தவன் நான். ஸ்ரீரங்கத்தில் என்னிடம் கணக்கு டியூஷன் படிக்காத தெருவே கிடையாது. (பாஸான தெருக்கள் குறைவு.)

பேத்தி ரஞ்சனி நான்காம் வகுப்பு படித்தபோது, தில்லை நகர் டாக்டரம்மா ஒருவர் அழைத்தார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துக் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசி, இத்தனை வருடம் கழித்தும் காக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற ரஞ்சனி, "மத்த பாப்பாங்களுக்கு இன்னொரு ஊசி வேணுமான்னு என் ரத்தம்தான் சொல்லப் போகுதாம்" என்று பெருமையாகச் சம்மதித்தாள்.

எனக்குத்தான் கவலை. பரிசோதனை என்றால் பரீட்சை. நம் வீட்டுப் பிள்ளை மார்க் குறைந்துவிட்டால்? எதிர்வீட்டுப் பேரனும் போகிறானே! மருமகளிடம் புத்தகக் கடைக்கு என்று சொல்லி, ரஞ்சனியை வேறொரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். "தடுப்பூசி அட்டை தொலைஞ்சு போச்சுங்க" என்று புளுகி, அதே ஊசியை மறுபடி போடவைத்தேன். அவள் வாயை ஐஸ்கிரீமால் அடைத்தேன்.

அடுத்த மாதம் ரத்தம் எடுக்கும் நாள். "சமீபத்துல பாப்பாவுக்கு ஏதாவது ஊசி போட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். மருமகள் இல்லை என்றாள். நான் அவளைவிட வேகமாகத் தலையாட்டினேன்.

ரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். எடுத்து முடித்ததும் நர்ஸ், "அழவே இல்லையே, சமத்து!" என்றார்.

"போன மாசம் தாத்தா கூட்டிட்டுப் போய் ஊசி போட்டப்பவும் நான் அழலை."

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இதுவரை தடுப்பூசி வரவில்லை.

"நல்ல மார்க் வரட்டுமேன்னுதான்..." என்று இழுத்தேன்.

"மார்க் பாப்பாவுக்கு இல்ல சார், பழைய ஊசிக்கு" என்றார் டாக்டரம்மா. "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா வேலை செய்யறது அந்த ஊசியா, நீங்க போட்ட ஊசியான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? இந்த ரத்தத்தைச் சேர்த்துக்க முடியாது."

"என் ரத்தம் வேஸ்ட்டா தாத்தா?"

பஞ்சை அழுத்திக்கொண்டே அப்போதுதான் அழுதாள். ஊசியால் முடியாததை நான் செய்து முடித்திருந்தேன்.

எதிர்வீட்டுப் பையன் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய், ரத்தம் கொடுத்துவிட்டு, பந்து விளையாடப் போய்விட்டான். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ரஞ்சனி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எனக்குச் சர்க்கரை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய வாரம் மட்டும் இனிப்பைத் தொடாமல், அம்மா மண்டபம் வரை வேர்க்க நடப்பது என் வழக்கம். போன மாதம் இதைக் கண்டுபிடித்தவள், ஒரு கிண்ணம் அக்காரவடிசலை என் முன்னால் வைத்தாள்.

"எப்பவும் போல சாப்பிட்டுட்டுப் போங்க தாத்தா. இந்தத் தடவையாவது உங்க ரத்தம் பிட் அடிக்காம எழுதட்டும்."

சாப்பிட்டேன். ஃபெயில்.