ஆரஞ்சு பூக்கும் வரை

ஓய்வு பெற்ற மறுநாளே லாமின் அறிவித்துவிட்டார். இனி நாபல் ஊர் வேண்டாம். தலைநகர் துனிஸில் மகன் வீட்டுக்கு மேல்தளம் காலியாக இருக்கிறது. லிஃப்ட் உண்டு, பால்கனியில் நின்றால் கடல் தெரியும். ஆயுசு முழுக்கத் தபால் நிலையத்தில் அடுத்தவர் கடிதங்களை ஊர் ஊராக அனுப்பியவருக்குத் தாமும் ஒருமுறை வேறு விலாசத்துக்குப் போய்ச் சேர ஆசை.

மனைவி ஸகியா எதிர்க்கவே இல்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

“தாராளமா போலாங்க.” ஒரு கசப்பு ஆரஞ்சு விதையைத் தொட்டியில் ஊன்றினாள். “இது பூக்கட்டும். அந்தப் பூவுல ஒரு குப்பி பூநீர் வடிச்சுக்கிட்டு அன்னைக்கே கிளம்பிடலாம்.”

செடிகொடி சமாச்சாரம் எதுவும் அறியாத லாமின், அவரைக்கொட்டை மாதிரி அடுத்த வசந்தத்தில் பூத்துவிடும் என்று ஒப்புக்கொண்டார்.

வசந்தம் வந்தது. ஊரே பூ வாசனையில் மிதந்தது. பூநீர் வடிக்க வீட்டுக்கு வீடு செம்புப் பானைகள் அடுப்பேறின. தொட்டியில் நின்றது விரல் நீள நாற்று. பக்கத்து வீட்டு ஷாத்லியைக் கேட்டார். ஒட்டுக்கன்று என்றால் சட்டென்று பூக்கும், விதைக்கன்றுக்கு எட்டுப் பத்து வருஷமாவது ஆகும் என்று அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

லாமினுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்றைத் தொட்டியிலிருந்து முற்றத்து மண்ணுக்கு மாற்றினார். ஆட்டெரு போட்டார். இலைப்புழுவோடு மல்லுக்கு நின்றார். முளை, தளிர், கணு, கவாத்து என்று புதுப்புது வார்த்தைகள் வாயில் ஏறின. காபிக் கடையில் அவர் துளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் மேசை மாறினார்கள். செடி மண்ணைப் பிடித்துக்கொண்டது. மண் அவரைப் பிடித்துக்கொண்டது.

வருஷங்கள் போயின. “பூத்துச்சாப்பா?” என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் மகன் கேட்டான். இல்லை என்பதே பதில்.

ஒரு மார்ச் காலை. தொழுதுவிட்டு வந்தவர் மரத்தடியில் நின்றுவிட்டார். இலைக் கக்கத்தில் வெள்ளை அரும்புகள், ஒன்றிரண்டு பாதி விரிந்தும்விட்டன. கல்யாணமான புதிதில் இதே முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து இருவரும் பூ ஆய்ந்தது ஞாபகம் வந்தது. அன்று அவள் விரல்களில் இருந்த வாசனை, மாலை வரை அவர் சட்டையிலும் இருந்தது. அப்புறம் அந்த லிஃப்டும் ஞாபகம் வந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தார். அரும்புகளைக் கொப்போடு மொத்தமாகப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்த ஸகியா மூக்கைச் சுருக்கி மோப்பம் பிடித்தாள். ஷாத்லி வீட்டுப் பானையிலிருந்து வாசனை காற்றில் வந்திருக்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் உள்ளங்கையை நீட்டினாள். வேறு வழியில்லை, பையைக் காலி செய்தார்.

“ஸகியா, இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போலாமே. மரம் இன்னும் சின்னது.”

“அதுக்கென்ன, இருப்போம். ஆனா அடுத்த தடவை இப்படிக் கொப்போட பிய்க்காதீங்க. மூணு வருஷமா நானும்தான் கிள்ளுறேன், ஒரு கணுவாவது காயம் பட்டிருக்கா?”