ஸ்மார்ட் போர்டுக்குப் போட்ட மாலை

அரசாங்க விண்ணப்பங்களின் கடைசிப் பக்கத்தில் 'இதர விவரங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அந்தக் கட்டத்தை ஒருநாளும் காலியாக விட்டதில்லை. கட்டம் போதாமல் தனித்தாள் இணைத்த பெருமையும் எனக்கு உண்டு. என் வாழ்க்கையில் நான் பட்ட மிகப் பெரிய அவமானம் அப்படி ஒரு தனித்தாளில்தான் தொடங்கியது.

அப்போது வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். கல்வித்துறையே நம்மை நம்பித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிற பருவம். தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திப் பாடம் நடத்த அரசு நிதி கொடுக்கிறது என்று ஒரு சுற்றறிக்கை வந்ததும் விழுந்து விழுந்து எழுதிப்போட்டேன். கிடைத்தும் விட்டது. கரும்பலகை அகலத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு, கரண்ட் போனால் தாங்குவதற்கு ஓர் இன்வெர்ட்டர்.

அந்த போர்டு வந்து இறங்கிய நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் துள்ளுகிறது. எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஒரகடம் கம்பெனிகளில் காருக்கும் லாரிக்கும் பாகம் செய்கிறவர்கள். ஆனால் பள்ளியில் ஒரு நுண்ணோக்கி கிடையாது. வெங்காயத் தோலின் செல்லை நான் கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைவேன், அவர்கள் அதைச் செங்கல் சுவர் என்று நினைத்து வரைந்துகொள்வார்கள். போர்டில் முதன்முதலாக நிஜமான செல்லைக் காட்டியபோது எட்டாம் வகுப்பு மீனா இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கையை எடுக்கவே மாட்டேன் என்று நின்றாள்.

சிக்கலும் அங்கேதான். வகுப்பில் நாற்பத்தொரு பேர், போர்டு ஒன்று. ஒருவருக்கு வாரத்துக்கு ஒருமுறை தொடக் கிடைத்தால் பெரிய விஷயம். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஆளுக்கொரு டேப்லட் தருவார்கள், ஆனால் எங்கள் ஒன்றியத்தில் ஒரே ஒரு பள்ளிக்குத்தான். அதற்கான விண்ணப்பத்தில்தான் நான் அந்தத் தனித்தாளை இணைத்தேன். 'எங்கள் பள்ளி இந்த வட்டாரத்துக்கே முன்மாதிரி. நேரில் வந்து பார்த்தால் அசந்துபோவீர்கள்.' (ஆமாம், 'அசந்துபோவீர்கள்' என்றே எழுதினேன்.) யார் அதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். படித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வருகிறார் என்று போன் வந்தது.

என் கணவர் பாஸ்கர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். நாள் முழுக்க உதிரிபாகங்களை முறைத்துப் பார்க்கிற வேலை என்பதால் வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் ஆட்டம் போடுவார். ஒத்திகை பார்க்க வேண்டும், அதிகாரி மாதிரி என்னைக் கேள்வி கேளுங்கள் என்றேன். சட்டைக்குள் தலையணையைத் திணித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். என் தவறுகளைப் பிறகு பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று போனை அலமாரியில் சாய்த்து வைத்துப் பதிவு செய்தேன். மறுநாள் போனிலிருந்து செல் பாடத்தைப் பென்டிரைவில் ஏற்றியபோது அந்த வீடியோவும் கூடவே ஏறிக்கொண்டது. அதை நான் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனேன். டேப்லட் கிடைக்க வேண்டும் என்று பள்ளியின் பெயருக்கு அர்ச்சனை. (பள்ளிக்கு என்ன நட்சத்திரம் என்று குருக்கள் கேட்டார். என் நட்சத்திரத்தைச் சொல்லிவைத்தேன்.) சாமி மேலிருந்த சாமந்தி மாலையை எடுத்து என் கையில் கொடுத்தார். கேட்காமலே மாலை கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராகப் பள்ளிக்கு வந்து, போர்டின் மேல் சட்டத்தில் இரண்டு மூலையிலும் முடிச்சுப் போட்டு, நடுவில் தொங்கும்படி கட்டிவிட்டேன். ஆயுத பூஜையன்று லாரியின் முன்கண்ணாடியில் தொங்குமே, அதே அழகு.

அதிகாரி ஒல்லியான, உயரமான, பேசாத மனிதர். முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மேரி, மீனாவின் அம்மா. நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனிச் சட்டையோடு கண் சிவக்க வந்திருந்தார். தலைமை ஆசிரியை கமலா டீச்சர் அதிகாரியின் கையில் சூடான மெதுவடைத் தட்டைக் கொடுத்துவிட்டு, வியர்க்கிறதே என்று ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். அதுவரை அந்த அறையில் ஃபேன் ஓடவில்லை.

பென்டிரைவைச் செருகினேன். திரையில் கோப்புகள் வரிசையாக வந்தன. காற்றில் மாலை லேசாக ஆடியது. நான் 'செல்' என்பதைத் தொட, போர்டு அதைத் திறந்து உடனே மூடியது. மறுபடி தொட்டேன். சிவப்பில் ஒரு கோடு கிழித்தது. யாரும் தொடாமலே அடுத்தடுத்துக் கோப்புகளைத் திறந்து மூடி, கடைசியில் என் வீட்டு ஹாலைத் திரை முழுக்கக் கொண்டுவந்து நிறுத்தியது.

தலையணை வயிற்றோடு பாஸ்கர், கனத்த குரலில் சொன்னார்: "பாடமெல்லாம் கெடக்கட்டும் டீச்சர், வடை எங்க? வடை சூடா இருந்தா டேப்லட். ஆறிப்போயிருந்தா அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அதற்கு வீடியோவில் இருந்த நான் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயாவுக்கு மெதுவடையா, மசால்வடையா?" என்று குழைந்தேன்.

அதிகாரியின் கையில் பாதி கடித்த வடை இருந்தது. மெல்லுவதை நிறுத்தினார். நான் பாய்ந்து திரையைத் தொட்டேன், போர்டு என்னை மதிக்கவில்லை. வீடியோவின் இடது பக்கம் தட்டினால் அது கொஞ்சம் பின்னால் போகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் வடை வசனம் மறுபடியும் முதலிலிருந்து வந்தது. மூன்றாவது முறை வந்தபோது பிள்ளைகள் கூடவே சேர்ந்து சொன்னார்கள். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். கரண்ட் போனாலும் எங்கள் பள்ளியில் பாடம் நிற்காது என்று விண்ணப்பத்தில் நான் அளந்திருந்தபடியே இன்வெர்ட்டர் ஃபேனையும் போர்டையும் தாங்கிப் பிடித்துக்கொண்டது. ரிமோட் என்னாயிற்று என்று கேட்பீர்கள். தொலைந்துவிடும் என்று கமலா டீச்சர் அதை ஆறு மாதமாகப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். இப்போது சாவியைத் தேடி ஓடினார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்பத்தொரு டேப்லட்டும் ஒரு வடையில் போகிறதே என்று சுவரோரமாக நின்றேன். அப்போதுதான் மேரி எழுந்து போர்டின் அருகில் போய், ஓரச் சட்டத்தை இரண்டு பக்கமும் உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், இந்தப் பூவ எடுத்துடுங்க. நானே எடுப்பேன், சாமி மாலையாச்சேன்னு பாக்கறேன்."

எடுங்கள் என்று தலையாட்டினேன். மேரி செருப்பைக் கழற்றிவிட்டு, முடிச்சை அவிழ்த்து, மாலையை இரண்டு கையாலும் ஏந்தி ஜன்னலில் வைத்தார். அந்த நொடியே போர்டு அடங்கியது. ஒரே தொடலில் பாஸ்கர் மறைந்தார்.

பூவுக்கும் போர்டுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று அதிகாரி கேட்டார். அவர் வந்து அரைமணி நேரத்தில் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"எங்க கம்பெனில தகடு அமுக்குற பிரஸ் லைன்லயும் இதே மாரி கீது சார். ரெண்டு பக்கத்துலயும் கண்ணுக்குத் தெரியாத லைட்டு போயிக்கினே இருக்கும். நடுவுல கை போச்சுன்னா மிஷின் நின்னுடும், அதனாலதான் எங்க கையெல்லாம் இன்னும் கையா கீது. இங்க பூ போயிருக்குது. போர்டு அத விரலுன்னு நெனச்சுக்கிச்சு."

அப்படியென்றால் பென்சிலை நீட்டினாலும் தெரியுமா என்று மீனா எழுந்து வந்தாள். நீட்டினாள். திரையில் கோடு விழுந்தது. அவ்வளவுதான், வகுப்பே எழுந்து ஓடிவந்தது. சாக்பீஸ், ரிப்பன், கண்ணாடி வளையல், ஒருவனின் கால்சட்டைப் பையிலிருந்து கொடுக்காப்புளி. திரையைத் தொடாமல் எவ்வளவு அருகில் போனால் வெளிச்சம் மறைகிறது என்று அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சம் வளைந்து போகாதா டீச்சர் என்று ஒருவன் கேட்க, வளைஞ்சா எப்டிடா கண்டுபிடிக்கும், நேராத்தான் போகும் என்று மீனா அவனை அதட்டினாள். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று மூன்று வருடமாக நான் கத்தியிருக்கிறேன். அவர்களும் பரீட்சையில் எழுதியிருக்கிறார்கள். அன்றுதான் அது அவர்களுக்குத் தெரிந்தது. எனக்கு அவமானம் மறந்துபோயிற்று, அதிகாரி மறந்துபோனார், நானும் அந்தக் கூட்டத்தில் நின்று என் கொண்டை ஊசியை நீட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு பாடமும் நடத்தியதில்லை.

திடீரென்று என் தோளுக்கு மேலே ஒரு நீளமான கை வந்தது. கையில் பாதி வடை. அதிகாரி அதைத் திரைக்கு அருகில் கொண்டுபோய் மெல்ல ஒரு வட்டம் போட்டார். போர்டும் வட்டம் போட்டது. மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத ரிமோட்டோடு கமலா டீச்சர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

கிளம்பும்போது வாசலில் அதிகாரி என்னிடம், "வடை ஆறிப்போச்சு டீச்சர்," என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்: "ஆனா அடுத்த வருஷம் வரைக்கும் உங்க பசங்க காத்திருக்க வேணாம்."

டேப்லட் வந்தது. ஆனால் பாஸ்கரின் பெயர் போய்விட்டது. என்னைக் கூட்டிப்போக அவர் பள்ளி வாசலில் பைக்கை நிறுத்தினாலே பிள்ளைகள் வரிசையாக நின்று "வணக்கம் ஆபீசர் சார்" என்பார்கள். அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் ஒரகடம் கூட்டுரோட்டில், டீக்கடையில், கம்பெனி கேன்டீனில் எங்கே பார்த்தாலும் இன்னா ஆபீசர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் விறைப்பாகத் தலையை ஆட்டுவார்.

ஒருநாள் டீக்கடையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், நாலாக மடித்த மனு ஒன்றை அவரிடம் நீட்டியிருக்கிறார். மண்ணூர்ப் பக்கம் தன் மகள் படிக்கும் பள்ளிக்கும் ஒரு போர்டு வேண்டும் என்று. நான் ஆபீசர் இல்லை என்று சொல்ல வாய் வராமல், இவர் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பள்ளிக்குப் போய், தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தேன். ஆறு மாதத்தில் போர்டு வந்தது. விழாவுக்கு வரச்சொல்லி எங்கள் இருவரையும் அழைத்தார்கள்.

மனசு உறுத்தியதால் பாஸ்கர் அன்று அந்த மனிதரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் அதிகாரி இல்லை, கம்பெனியில் வேலை செய்கிறவன் என்று ஒப்புக்கொண்டார். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"தெரியும் சார். ஆபீசராண்ட குடுத்தா எப்ப வரும்? நீங்க டீச்சரு வூட்டுக்காரர்னு விசாரிச்சுக்கினுதான் குடுத்தேன்."

அன்றைக்கு வீட்டில் பதவிகள் மாறின. எங்கள் மகள் இப்போது என்னைத்தான் ஆபீசர் என்கிறாள். அவருக்குத் தபால் இலாகா.