அற்புதக்கையாரும் அரங்கத்துப் படிகளும்

அற்புதக்கையார் தொட்டால் நடக்காதவர் ஓடுவார், ஓடுகிறவர் பறப்பார் என்று ஊரே சொல்லிற்று. பறந்தவரை யாரும் பார்த்ததில்லை. அதனாலென்ன, பார்த்தவரைப் பார்த்தவர்கள் ஏராளம். நாடக அரங்கின் வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

அதில் சக்கர நாற்காலியை உருட்டி முட்டி மோதி வந்தார் நடிகர். சண்டைக் காட்சியில் கயிறு அறுந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். அதன்பிறகு அவர் போடும் சண்டையெல்லாம் இந்த அரங்குக்கு ஒரு சாய்தளம் கேட்டுத்தான். கட்டுவதாக இருந்த மேலாளர் நேற்றுக் கையை விரித்துவிட்டார்.

"இனிமே எதுக்கு சார் சாய்தளம்? ஐயா தொட்டா எல்லாரும் ஜம்முனு படியேறிடுவீங்க!"

"அவர் தொடணும்னாலே படியேறணுமே?" என்றாள் நடிகரின் தங்கை.

மேலாளருக்கு அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி வந்தது.

இன்று வாசற்படிகளின் உச்சியில் அற்புதக்கையார். தொண்டர்கள் ஒருவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி வந்து அவர் முன் இறக்கினார்கள்.

"ஊசியால குத்தினாலும் இவருக்குத் தெரியாது! கால் ரெண்டும் மரக்கட்டை!" என்று முழங்கினார் அற்புதக்கையார்.

நடிகர் உற்றுப் பார்த்தார். கையால் தூக்கி வைக்கவேண்டிய கால், தானாகவே மிதிபலகையில் ஏறிக்கொண்டது. 'ஒத்திகை பத்தாது' என்று தோன்றியது அவருக்கு.

"ஐயா, ஊசியெல்லாம் பாவம்! என் தங்கச்சி உள்ளங்கால்ல கிச்சுகிச்சு மூட்டட்டும். முதல்ல எனக்கு."

தங்கை அவர் செருப்பைக் கழற்றி மூட்டினாள். நடிகர் கொட்டாவி விட்டார்.

"என்னம்மா, ஆரம்பிச்சிட்டியா?"

"முடிஞ்சே போச்சுண்ணே!"

கூட்டம் சிரித்தது. தங்கை விடுவிடுவென்று படியேறினாள். அவள் விரல் மேலே இருந்தவரின் பாதத்தைத் தொடக்கூட இல்லை.

"ஐயோ, வேணாம்மா! எனக்குக் கூசும்மா!"

மரக்கட்டைக் கால்கள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித் தெருமுனையில் மறைந்தன.

"பாத்தீங்களா, ஓடிட்டார்! என் அருள்!" என்றார் அற்புதக்கையார்.

"அருள் என் தங்கச்சி விரல்ல இருக்கு சாமி. நீங்க இறங்கி வந்து என்னைத் தொடுங்க."

இறங்கினார். அரங்கின் பின்வாசல் வழியாக.

வியர்வையைத் துடைத்தபடி மேலாளர் வந்தார். "சாய்தளம் என்ன அகலம் வேணும் சார்?"

அகலத்தைச் சொல்லிவிட்டு நடிகர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"என் கால் மரத்தது விபத்துல. நீங்க வீட்டுக்குப் போய் அவங்கவங்க மூளைக்குக் கொஞ்சம் கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்க. அசையுதான்னு தெரிஞ்சிடும்."