டைரக்டர் போட்ட நோட்

தட்டாஞ்சாவடியில் உள்ள அந்த அரசு அலுவலகத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. என் குடியிருப்புச் சான்றிதழ் விண்ணப்பம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. நான் இந்த ஊரில் குடியிருக்கிறேன் என்பதை மெய்ப்பிப்பதற்காகப் பதினோரு மாதமாக அந்த அலுவலகக் கூடத்தில் குடியிருந்து வருகிறேன்.

காத்திருக்கும் மக்களுக்குக் கோபம் வருகிறது என்று ஓர் ஆய்வு நடத்தி மேலிடம் கண்டுபிடித்தது. அப்படியானால் காத்திருப்பைக் குறைக்கலாமே என்று ஒரு புது அதிகாரி சொன்னாராம். அவரை எங்கோ தொலைவிலுள்ள ஏனாமுக்கு மாற்றிவிட்டு, 'காத்திருப்போர் நல இசைத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கூடத்தில் நாற்பது விநாடிப் பாட்டு ஒன்று ஒலிக்கும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். பாட்டில் சொற்கள் கிடையாது. சொற்கள் இருந்தால் எந்த மொழியில் என்று கேள்வி வரும். தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் தனித்தனியே நாலு குழு போட வேண்டும்.

பாட்டு அமைக்கும் பொறுப்பு மெரின் தலையில் விழுந்தது. முதலியார்பேட்டைப் பெண். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பாள். மற்ற நாட்களில் இந்த அலுவலகத்தில் தற்காலிக ஊழியர். எட்டு வருடமாகத் தற்காலிகம். பாட்டு நல்லபடியாக ஒலித்து, கோப்பில் அவள் பெயருக்கு ஒரு கறையும் விழாமல் இருந்தால் நிரந்தரமாக்குவதாக டைரக்டர் கலியமூர்த்தி வாக்குக் கொடுத்திருந்தார். டிசம்பரில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு விதிப்படி அவள் ஆயுள் முழுக்கத் தற்காலிகம்தான்.

அலுவலகம் ஒரு டேப்லெட் கொடுத்தது. அவள் உட்கார்ந்த இடத்துக்கும் எங்கள் பெஞ்சுக்கும் நடுவில் இடுப்பளவு பிளைவுட் தடுப்புதான். அதனால் எல்லாவற்றையும் நான் பார்த்தேன். திரையில் கட்டம் கட்டமாகத் தாள் விரியும். ஒரு கட்டத்தில் விரல் வைத்தால் அங்கே பச்சையாக ஒரு துண்டு விழும். அதற்குப் பெயர் நோட். மேல் கட்டம் என்றால் உயர்ந்த ஸ்வரம், கீழ்க் கட்டம் என்றால் தாழ்ந்த ஸ்வரம். விரலால் ஒரு பெட்டி வரைந்தால் அதற்குள் விழும் நோட்டெல்லாம் ஒன்றாகத் தேர்வாகிவிடும். பிறகு இழுத்து நகர்த்தலாம், வேண்டாததை அழிக்கலாம். இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு நோட் வைத்து அவள் பாட்டை முடித்தாள். முப்பது வருடம் லேத் ஓட்டியவன் நான், அரை நூல் பிசகினாலும் என் காது சொல்லிவிடும். சும்மா சொல்லக் கூடாது, பாட்டு நன்றாக இருந்தது. என் விண்ணப்பம் இரண்டாம் முறை தொலைந்ததைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்திருந்தேன்.

பிறகு டைரக்டர் பார்வையிட வந்தார். திரையை உற்றுப் பார்த்து, "இதுல நோட் எது?" என்று கேட்டபடி விரலை வைத்தார். வைத்த இடத்தில் ஒரு நோட் விழுந்தது. பாட்டு கடைசியில் ஆதார ஸ்வரமான ஸட்ஜத்தில் வந்து உட்கார வேண்டும். அது உட்காரும் அதே நேரத்தில், அதற்குச் சரியாக ஒரு கட்டம் மேலே, அவர் நோட்டும் உட்கார்ந்தது. ஒரே பெஞ்சில் இரண்டு பேர் ஒரு ஆள் இடத்துக்கு இடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம். கூடத்தில் ஒரு கைக்குழந்தை அழுதது. டைரக்டர் முழுவதும் கேட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார். "ம்" என்றால் அலுவலக மொழியில் கொள்கை அளவிலான ஒப்புதல்.

மெரின் அந்த நோட்டின் மேல் விரலை அழுத்தி அழிக்கப் போனாள். கண்காணிப்பாளர் ஹேமலதா எட்டிப் பார்த்தார்.

"இன்னா பண்ற மெரின்?"

"ஒரு நோட் தப்பா விழுந்துடுச்சி மேடம். எடுத்துடறேன்."

"யார் போட்ட நோட்?"

"டைரக்டர் சார் விரல் பட்டுடுச்சி."

"டைரக்டர் போட்ட நோட்ட நீ அழிக்கப் போற? எத்தினி வருஷமா இங்க வேல செய்ற?"

அலுவலகத்தில் கோப்பின் பச்சைத் தாளில் எழுதுகிற குறிப்புக்கும் நோட் என்றுதான் பெயர். மேலதிகாரி போட்ட நோட்டைக் கீழ் ஊழியர் அடிக்கவோ திருத்தவோ கூடாது என்பது கையேட்டிலேயே இருக்கிறது. இது கோப்பு நோட் இல்லை, பாட்டு நோட் என்று மெரின் சொல்லிப் பார்த்தாள். ஹேமலதா மூன்று கேள்வி கேட்டார். டேப்லெட் அரசாங்கத்துடையதா, நேரம் அரசாங்கத்துடையதா, விரல் டைரக்டருடையதா? மூன்றுக்கும் ஆமாம் என்பதுதான் பதில்.

முறைப்படி என்ன செய்ய வேண்டுமென்றால், அந்த நோட்டை அழிக்க அனுமதி கேட்டு மெரின் ஒரு நோட் போட வேண்டும். போட்டாள். அதில் கையெழுத்துப் போட்டால், யோசிக்காமல் விரல் வைத்ததாகத் தானே ஒப்புக்கொண்டது ஆகும் என்று டைரக்டர் பயந்தார். தணிக்கையில் கேட்பார்கள். ஆகவே கோப்பைச் செயலருக்கு அனுப்பினார். இருபத்துமூன்று நாள் கழித்து அது ஒரே ஒரு சொல்லுடன் திரும்பி வந்தது: 'பேசவும்'.

'என்னை வந்து பார்த்துப் பேசவும்' என்பதுதான் அதன் பொருள். பாட்டைப் பற்றிய கோப்பில் 'பேசவும்' என்று வந்ததால், பாட்டில் யாராவது பேச வேண்டும் என்று ஹேமலதா முடிவு செய்தார். வேறு யாரையும் நம்பாமல் தம் குரலையே கொடுத்தார். முப்பத்தெட்டாவது விநாடியில் "அமைதி காக்கவும்" என்று அவர் அதட்டுவார். நாங்கள் அமைதி காத்த மறுகணம் டைரக்டரின் நோட் வந்து இடிக்கும்.

மெரின் கெட்டிக்காரி. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். டைரக்டர் நோட்டைத் தொட வேண்டாம். மற்ற இருநூற்றுப் பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்து ஒரு கட்டம் மேலே ஏற்றிவிட்டால், ஸட்ஜம் டைரக்டர் நோட்டுடன் சேர்ந்துவிடும், பிசகு தீரும். ஆனால் தேர்வு என்று வந்துவிட்டால் தனி ஆள் செய்ய முடியாது, தேர்வுக்குழு கூட வேண்டும். கூடியது. மெரின் விளக்கினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் டைரக்டர் ஒன்று கேட்டார்.

"அதாவது, கீழ இருக்கற நோட்டு மேல வந்து எங்கூட சரிசமமா நிக்கும். அப்படித்தானே?"

"ஆமா சார். அப்பதான் கேக்க நல்லா இருக்கும்."

"கேக்க நல்லா இருக்கும். பாக்க நல்லா இருக்குமா?"

குழு ஆழ்ந்து ஆலோசித்தது. கீழுள்ளவர்கள் ஒரு படி உயர்வதில் ஆட்சேபம் இல்லை, வரவேற்கத்தக்கது. ஆனால் மேலதிகாரியின் தகுதிநிலை குறையாமல் அவருடைய நோட்டையும் கூடவே ஒரு படி உயர்த்துவதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மெரின் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு கட்டம் ஏற்றினாள். அதே பிசகு, ஒரு கட்டம் உயரத்தில், இன்னும் கொஞ்சம் கூர்மையாகக் கேட்டது. குழுவினர் முன்னேற்றம் தெரிவதாகச் சொல்லி வடை சாப்பிட்டார்கள்.

ஆனாலும் யாராவது குறை சொன்னால் என்ன செய்வது என்று ஒரு வல்லுநர் சான்று வாங்கி வைத்தார்கள். வல்லுநர் பெயர் முசே ஜூலியன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து, அங்கே பேண்டில் ஊதுகுழல் ஊதி, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பாட்டைக் கேட்டார். ஒரு காது மந்தம் என்பதால் இரண்டு முறை கேட்டார். பிறகு, "இது பிழை இல்லை. இது பிரெஞ்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இந்த ஊரில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சுவருக்கு மஞ்சள் அடித்து, பெயருக்கு முன்னால் 'லெ' என்று ஒரு எழுத்தைச் சேர்த்தால் ஆறிப்போன காபியைக்கூட வரிசையில் நின்று குடிக்கிற ஊர் இது. மே மாதம் பாட்டு ஒலிக்கத் தொடங்கியது. முதல் வாரம் நாற்பது விநாடிக்கு ஒரு முறை பல்லைக் கடித்தோம். இரண்டாம் வாரம் தலையில் கொண்டை போட்ட இரண்டு இளைஞர்கள் வந்து பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். ஜூலையில் கடற்கரைப் பக்கத்துக் கடைகளில் அது ஒலித்தது. வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பேண்டுக்காரர் ஒவ்வொரு பாட்டையும் ஒரு கட்டம் பிசகி முடித்தார். அதற்கு எக்ஸ்ட்ரா கேட்டாராம். 'பிரெஞ்சு முடிப்பு பத்து நாளில் கற்றுத்தரப்படும்' என்று கோரிமேடு பஸ் ஸ்டாப்பில் ஒரு போஸ்டர் பார்த்தேன்.

மெரின் யாரைப் பார்த்தாலும் அந்த நோட் என்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடக்கம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கோயில் பாட்டுக் குழுப் பிள்ளைகள் பூசையில் ஆமெனையே ஒரு கட்டம் தூக்கி முடித்தார்களாம். பங்குச் சாமியார் அருமை என்றாராம். திங்கட்கிழமை அவள் கண் சிவந்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

நவம்பரில் ஆணை வந்தது. 'டைரக்டரின் நோட்டைச் செவ்வனே பேணிக் காத்தமையைப் பாராட்டி' மெரினை நிரந்தரமாக்கியிருந்தார்கள். அவள் எங்கள் பெஞ்சுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். அடியில் பொடி எழுத்தில் தகுதிகாண் பருவம் ஒரு வருடம், அதுவரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று இருந்ததை அவள் படித்தாளோ என்னவோ. மறுநாள் மதியம் ஹேமலதா சாப்பிடப் போன சமயம், டேப்லெட்டைத் திறந்து, அந்த ஒரு நோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தாள். அரை விநாடி வேலை.

பாட்டு சுத்தமாக ஸட்ஜத்தில் வந்து அமர்ந்தது. கூடத்தில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது.

விதவை உதவிக்காக வைத்திக்குப்பத்திலிருந்து நடையாக நடக்கும் கன்னியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னாபா இது, முடிஞ்ச மாறியே இல்லியே." ஆளாளுக்குப் பேசினார்கள். ஏதோ குறைகிறது என்றார் ஒருவர். நமக்குக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றார் இன்னொருவர். முன்பெல்லாம் அந்த இடி விழும்போது ஒரு சுற்று முடிந்தது என்று கணக்குத் தெரியும். இப்போது எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறோம் என்றே புரியவில்லை என்று ஒரு பெரியவர் நடுங்கினார். எனக்கும் காதில் ஏதோ அரித்தது. இழைத்துத் தேய்த்த மாதிரி அத்தனை சுத்தமாக முடிகிற பாட்டு அரசாங்கப் பாட்டு மாதிரியே இல்லை.

மனு போட முடிவாயிற்று. பதினோரு மாத அனுபவம் எனக்கு இருந்ததால் என்னையே எழுதச் சொன்னார்கள். 'பொதுமக்களாகிய எங்களுக்கு உரிய நோட் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டுள்ளது. அதை மீட்டுத் தருவதோடு, நீக்கியவர் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு' என்று எழுதினேன். கடைசி வரி இல்லாமல் மனு முழுமையாகாது என்பதால்தான் அதைச் சேர்த்தேன். அறுபத்தொரு கையெழுத்து.

நானும் இந்த அலுவலகத்தில் எத்தனையோ மனு கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே நடவடிக்கை எடுக்கப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். மூன்று மணிக்குக் கொடுத்தோம். மூன்றரைக்கு டைரக்டர் நேரில் வந்து, போட்டோ எடுக்கச் சொல்லி, தம் விரலாலேயே நோட்டை மீண்டும் வைத்தார். நாலு மணிக்கு மெரினின் நிரந்தர ஆணை ரத்து என்று தட்டச்சாகி வந்தது. டிசம்பருக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு தடுப்பைத் தாண்டி வெளியே வந்தாள். எங்கள் முன்னால் நின்று, யார் மேலும் கோபமில்லாத குரலில், "யாரு சார் மனு குடுத்தது? ஒரே ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல? உங்க காதுக்கு அது தப்புன்னு தெரியலியா?" என்று கேட்டாள். பார்த்தது என்னைத்தான். நல்ல பெண். என் காதுக்குத் தெரியும்.

"அமைதி காக்கவும்" என்றார் ஹேமலதா ஒலிபெருக்கியில். அமைதி காத்தோம். நோட் வந்து இடித்தது. அறுபத்தொரு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். பலகையில் எண்பத்தாறு ஓடிக்கொண்டிருந்தது. என் டோக்கன் எண்பத்தேழு.